நாங்க பாத்துக்கிறோம்

மெத்தைக்காரர் வாயைத் திறந்தால் 'நாம'தான். நாம சாப்பிடலாமா, நாம ஜெயிக்கணும், நாம எல்லாம் ஒரே குடும்பம். பல் விளக்கப் போகும்போதுகூட "நாம பல் விளக்கிட்டு வந்துடலாம்" என்று சொல்லக்கூடிய மனிதர். 'அடுத்த முதலாளி' போட்டி நடந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அன்றே மற்ற ஒன்பது பேர் தலையிலும் ஆளுக்குத் தகுந்த அளவில் ஐஸ் வைத்துவிட்டார். பார்க்கிற ஜனங்களுக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று. மெத்தை விற்கிறவர் பேச்சும் மெத்தென்றுதானே இருக்கும் என்று யாராவது சொல்ல, அதற்கும் அவரே முதலில் சிரித்தார்.

போட்டி இதுதான். சொந்தமாகச் சின்னத் தொழில் நடத்துகிற பத்துப் பேரை ஒன்பது வாரம் ஒரே வீட்டில் அடைத்துப்போட்டு, சட்டைக் காலரில் ஒரு மைக்கையும் குத்திவிடுவார்கள். திங்கட்கிழமை ஒரு வேலை கொடுப்பார்கள். பேருந்து நிலையத்தில் குடை விற்க வேண்டும், மூடிக்கிடக்கிற சலூனை இரண்டே நாளில் ஓடவைக்க வேண்டும், இப்படி ஏதாவது. வெள்ளிக்கிழமை எல்லோரும் 'முடிவு அறை'க்குப் போக வேண்டும். நீள மேசைக்கு அந்தப் பக்கம் சேர்மன். ஊரெல்லாம் கடை வைத்திருக்கிறவர், சிரிப்பை மட்டும் எங்கேயோ வைத்துவிட்டு வந்தவர். இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரும் யார் வெளியே போக வேண்டும் என்று ஒரு பெயர் சொல்ல வேண்டும். யார் பெயர் அதிகம் விழுகிறதோ அவர் துணிமணியை மூட்டை கட்ட வேண்டியதுதான். கடைசியில் மிஞ்சுகிறவருக்கு அவர் தொழிலுக்கு வேண்டிய மெஷின் கிடைக்கும், சேர்மனின் கடைகள் அத்தனைக்கும் சரக்குக் கொடுக்கிற வாய்ப்பும் கிடைக்கும்.

எல்லோரையும் போல அவளும் மெஷினுக்குத்தான் வந்தாள். அட்டைப்பெட்டி செய்கிறவள் என்பதால் அந்த வீட்டில் அவளுக்குப் பெட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். சொந்த வீட்டில் அவள் சின்னவள். பெரியவள் அக்கா. இரண்டு பேரும் சேர்ந்து நடத்துகிற பட்டறை ஒரு வாடகைக் கூடம், ஆறு வேலையாட்கள், அட்டையில் மடிப்புக் கோடு போடுகிற ஒரு கிழட்டு மெஷின், அவ்வளவுதான். அக்கா வெட்டுவாள், இவள் விற்பாள். அக்காவுக்கு எதிரில் தெரியாதவர்கள் நான்கு பேர் சேர்ந்தாற்போல் நின்றால் போதும், நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். சின்னவளுக்கு வாயை மூடுவதுதான் கஷ்டம்.

அவர்களுடைய பெருமையெல்லாம் ஒரு கேக் பெட்டி. பசை கிடையாது, பின் கிடையாது, ஒரே அட்டை, பதினோரு மடிப்பு. ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற காதைப் பிடித்து இழுத்தால் நான்கு பக்கமும் சாய்ந்து தட்டு மாதிரி விரிந்துவிடும், கேக்கை எடுக்காமல் அதன் மேலேயே வெட்டலாம். ஒரு மழைக்காலம் முழுக்க அடுக்களைத் தரையில் உட்கார்ந்து பழைய காலண்டர் அட்டைகளை மடித்து மடித்து அக்கா கண்டுபிடித்தது அது. போட்டிக்கு விண்ணப்பம் வந்தபோது 'நிறுவனர்' என்ற இடத்தில் ஒரு பெயருக்குத்தான் கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரு நாள் பூராவும் முழித்தார்கள். "நீ போய்ப் பேசுடி. நான் இங்க வெட்டுறேன். ரெண்டும் ஒண்ணுதானே," என்று அக்காதான் பேனாவை எடுத்து இவள் பெயரை எழுதினாள்.

இரண்டும் ஒன்று என்பது பட்டறையில் செல்லும். கேமராவுக்கு முன்னால் செல்லுமா?

முதல் வாரம் கேள்விக்காரி அவளைத் தனி அறையில் உட்காரவைத்தாள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேட்டி எடுப்பது அந்தப் பெண்ணின் வேலை. எப்படி ஆரம்பிச்சீங்க என்று கேட்டாள். "நாங்க ஒரு சின்ன கூடத்துல ஆரம்பிச்சோம். நாங்க முதல்ல செருப்புக் கடைக்குத்தான் பெட்டி போட்டோம்," என்று இவள் உற்சாகமாகத் தொடங்கினாள்.

"ஒரு நிமிஷம். யாரு அந்த நாங்க?"

"நானும் அக்காவும்."

"உங்க அக்காவ பாக்குறவங்களுக்குத் தெரியாதே. குழம்பிடுவாங்க. 'நான்'னு சொல்லுங்களேன். கேக்க நல்லா இருக்கும்."

"அக்காதான் இந்தப் பெட்டியவே..."

"புரியுது, புரியுது. ஆனா போட்டியில இருக்கிறது நீங்கதானே?"

நாலு தடவை சொல்லி நாலு தடவையும் 'நாங்க' என்றே வந்தது. ஐந்தாவது தடவை 'நான்' என்றாள். தொண்டையில் ஏதோ முள் மாதிரி இருந்தது. பேச்சுக்குத்தானே என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டாள். இரண்டாவது வாரம் முள் சின்னதாயிற்று. மூன்றாவது வாரம் யாரும் சொல்லாமலேயே 'நான் ஆரம்பிச்சேன், நான் கண்டுபிடிச்சேன்' என்று தண்ணீர் மாதிரி ஓடியது. கேள்விக்காரி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அன்று படுக்கையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான், அக்கா இதையெல்லாம் டீவியில் பார்ப்பாளே என்று உறைத்தது. போட்டியில் தோற்றால் தோற்றுவிட்டுப் போகலாம், அக்காவைத் தோற்றுவிட்டு எந்த முகத்தோடு பட்டறைக்குள் நுழைவது? அன்றிலிருந்து அந்தப் பயம் அவளுடைய மைக்கைப் போலக் காலரிலேயே இருந்தது.

அந்த வீட்டில் பிழைத்திருக்க ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். மெத்தைக்காரருக்கு இனிப்பான பேச்சு. டியூஷன் சென்டர் நடத்துகிற டீச்சருக்கு ஒரு நோட்டுப் புத்தகம். யார் என்றைக்கு என்ன சொன்னார்கள் என்று எல்லாம் அதில் ஏறிவிடும், சமயம் வரும்போது பக்கத்தைத் திறந்து படித்துக் காட்டி மானத்தை வாங்குவார். பூச்சிமருந்து அடிக்கிற தொழில் செய்த தம்பிக்குக் குரல்தான் பலம், கத்தியே காரியம் சாதிப்பான். சோப்பு செய்கிற அம்மாவுக்கு ஒரு வழியும் கிடையாது. எல்லோருக்கும் தலைவலித் தைலம் தேய்த்துவிடுவார். பெட்டிக்கு இருந்தது காது. பத்து வருஷம் கடை கடையாக ஏறி இறங்கி விற்றவள். 'பாக்கலாம்' என்று சொல்வதில் வாங்குகிற பாக்கலாம் எது, துரத்துகிற பாக்கலாம் எது என்று பிரித்துவிடுவாள்.

அந்தக் காதில்தான் ஒரு நாள் அது விழுந்தது. ஆறாவது வாரம், வியாழக்கிழமை காலை. அப்போது ஐந்து பேர் மிச்சம். சலூன் வேலை நடந்துகொண்டிருந்தது. பூச்சிமருந்துத் தம்பி ஏணியில் நின்று பலகை மாட்டிக்கொண்டிருந்தான். மெத்தைக்காரர் கீழே நின்று, அவன் முதுகைத் தட்ட முடியாததால் காலைத் தட்டி, "நீ இறங்கி ரெஸ்ட் எடுப்பா. நாங்க பாத்துக்கிறோம்," என்றார்.

நாங்க.

இதற்கெல்லாம் யாரும் இலக்கணப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. 'நாம' என்றால் நீயும் உள்ளே, 'நாங்க' என்றால் நீ வெளியே. பேச ஆரம்பித்த குழந்தைக்கும் தெரியும். பூச்சிமருந்துத் தம்பிக்கு மட்டும் தெரியவில்லை. அவன் சந்தோஷமாக இறங்கிப் போய்க் குளிர்பானம் குடித்தான். மறுநாள் முடிவு அறையில் மெத்தைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவன் பெயரைச் சொன்னார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். பெட்டியும் சொன்னாள்.

தற்செயலாக இருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தாள். ஆனால் நான்காவது வாரம் வெளியே போன பழக்கடைக்காரரிடமும் அவர் இதே மாதிரி ஏதோ சொன்னதைக் கேட்ட ஞாபகம் வந்தது. ஏழாவது வாரம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் சோப்பம்மாவைப் பார்த்து, "நீங்க ஏன் வெயில்ல அலையுறீங்க? நாங்க போயிட்டு வந்துடுறோம்," என்றார் மெத்தைக்காரர். பெட்டிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சோப்பம்மா அவளுடைய அறைத்தோழி. காய்ச்சல் வந்த இரண்டு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டவர். உங்க பேரைத்தான் சொல்லப்போறாங்க, சுதாரிச்சுக்கோங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்த வித்தை எல்லோருக்கும் தெரிந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். வெள்ளிக்கிழமை சோப்பம்மா போகும்போது, "உனக்கு மட்டுமாவது கிடைக்கணும்மா," என்று அவள் கன்னத்தைத் தொட்டார். அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் கேமரா இருந்த பக்கம் தானாகவே முகம் திரும்பிற்று. அதுதான் அவளுக்கே பிடிக்கவில்லை.

எட்டாவது வாரம் மூன்று பேர்: மெத்தைக்காரர், டீச்சர், அவள். வியாழக்கிழமை காலை மூன்று பேருமாகச் சந்தைத் தெருவில் ஒரு நாள் கடை போட மேசை தூக்கிக்கொண்டிருந்தார்கள். மெத்தைக்காரர் அவள் கையிலிருந்த மேசையை வாங்கி, "விடு பெட்டி. நீ போய் உக்காரு. நாங்க பாத்துக்கிறோம்," என்றார்.

இந்த வாரம் அவள் முறை. மூளை படு சுறுசுறுப்பாக ஓடியது. டீச்சரைத் தனியாக ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். மைக் இருக்கிறதே என்று டீச்சர் காலரைக் காட்ட, இருந்தா இருக்கட்டும் என்றாள்.

"டீச்சர், நாளைக்கு என் பேரைச் சொல்லச் சொல்லி அவரு உங்ககிட்ட வருவாரு."

"இன்னும் வரலியே."

"வருவாரு. நான் போயிட்டா கடைசி வாரம் நீங்களும் அவரும்தான். ஊரே அவரு பக்கம். உங்களால ஜெயிக்க முடியுமா சொல்லுங்க. என்கூட நின்னா உங்களுக்குப் பாதிக்குப் பாதியாவது இருக்கு."

டீச்சர் நோட்டைத் திறந்து ஏதோ பார்த்தார். பிறகு மூடினார். "சரி. ஆனா உன்னையும் நான் சும்மா விடப்போறதில்ல," என்றார். குறைந்தபட்சம் நேர்மையான ஆள்.

மறுநாள் இரண்டு பேரும் மெத்தைக்காரர் பெயரைச் சொன்னார்கள். அவருக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. தன் முறை வந்தபோது அவர் யார் பெயரையும் சொல்லவில்லை, "இனிமே சொல்லி என்ன சார்," என்று விட்டுவிட்டார். வாசலில் பையைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"எப்படிம்மா? நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?"

மறைப்பதற்கு இனி ஒன்றுமில்லை. சொன்னாள். நாம, நாங்க, பூச்சிமருந்து, சோப்பம்மா, மேசை எல்லாம். அவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

"நான் அப்படியா பேசுறேன்? எனக்கே தெரியாதே," என்றார். "இருக்கலாம். அவங்க ரெண்டு பேர் விஷயத்துல இருக்கலாம். ஆனா உன் கை நடுங்கிட்டு இருந்துச்சும்மா, அதான் மேசைய வாங்கினேன். இன்னைக்கு டீச்சர் பேரைச் சொல்லணும்னுதான் நினைச்சிருந்தேன்."

போகிற போக்கிலும் காதில் பூச்சுற்றுகிறாரே என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்தால்தான் அன்றைக்குத் தூக்கம் வரும். வந்தது.

ஒன்பதாவது வாரம் புதன்கிழமை மத்தியானம், வீட்டோடு பேச மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். போட்டி தொடங்கியதிலிருந்து முதல் பேச்சு. நடுக்கூடத்தில் ஸ்பீக்கர், சுற்றிலும் மூன்று கேமரா. கேள்விக்காரி கையில் கடிகாரம். அக்கா என்ன சொல்வாள்? டீவியில் எல்லாவற்றையும் பார்த்திருப்பாள். திட்டினால்கூடப் பரவாயில்லை.

"சொல்லுடி சின்னவளே. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்க்கா. நீ எப்படி இருக்கே?"

"நாங்க எல்லாம் நல்லா இருக்கோம். அந்தச் செருப்புக் கடை ஆர்டர நாங்க முடிச்சு அனுப்பிட்டோம். மெஷின் பெல்ட் அறுந்துச்சு, நாங்களே மாட்டிட்டோம்."

பின்னால் பட்டறைச் சத்தம் கேட்டது. அவளுக்கு அழுகை முட்டியது.

"டீவில பாக்குறியாக்கா?"

"பாக்காம? தினம் பாக்குறோம். நல்லா பேசுறே." ஒரு சின்ன இடைவெளி. "புது மெஷின் வந்தா எங்க வைக்கிறதுன்னு நாங்க யோசிச்சு வச்சிருக்கோம். பின்பக்கத் தடுப்ப எடுத்துடலாம்."

"யாருக்கா நாங்க?"

"என்னடி கேள்வி இது? நீ இதையெல்லாம் போட்டு மனசக் குழப்பிக்காதே. அங்க உள்ள வேலையப் பாரு. இங்க நாங்க பாத்துக்கிறோம்."

அவ்வளவுதான். நேரம் முடிந்துவிட்டது. கேள்விக்காரி கைதட்டினாள். ரொம்ப உருக்கமாக இருந்ததாம்.

மெத்தைக்காரர் சொன்ன அதே வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல். அன்று பொழுதுக்கும் அது அவள் காதில் போய்க்கொண்டே இருந்தது. நல்லா பேசுறே என்றாளே, அது பாராட்டா, குத்தலா? அந்த இடைவெளி எதற்கு? எல்லோரையும் எடைபோட்ட காது இப்போது பிறந்ததிலிருந்து கேட்ட குரலை எடைபோட்டுக்கொண்டு உட்கார்ந்தது. அக்காவுக்குக் கோபம், அதுதான் என்னை வெட்டிவிட்டாள். நான் ஜெயித்து மெஷினோடு போனாலும், பெட்டி என்னுடையது, நீ யார் என்று கேட்கப்போகிறாள். பட்டறையில் எனக்கு இடம் இருக்காது. இப்படியே ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். ஒன்பது வாரம் அந்த வீட்டுச் சோற்றைத் தின்ற புத்தி வேறு எப்படி யோசிக்கும்? 'நாங்க' என்று காதில் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்குத் தெரியும். முந்திக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை காலை கடைசிச் சுற்று. முடிவு அறையில் அன்றைக்கு மட்டும் வீட்டு ஆட்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். டீச்சர் பக்கம் அவர் கணவரும் இரண்டு மாணவர்களும். இவள் பக்கம் அக்காவும், பட்டறையில் மெஷின் ஓட்டுகிற அம்மாளும். அக்கா இஸ்திரி போட்ட துணி உடுத்தி, மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கேமராக்களைப் பார்த்து மிரண்டு உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் சிரித்தாள். இவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு உண்மைதானா என்று யோசித்துக்கொண்டே சிரித்தாள்.

இரண்டு பேரும் தங்கள் தொழிலைப் பற்றிப் பேசினார்கள். இவள் கேக் பெட்டியைச் சேர்மன் முன்னால் வைத்து, காதை இழுத்து விரித்துக் காட்டினாள். சிரிக்காத மனிதர் தானே இரண்டு தரம் மூடித் திறந்து பார்த்தார். பிறகு போட்டியாளர்கள் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கிற நேரம். டீச்சர் நோட்டைத் திறந்தார்.

"முதல் வாரம், செவ்வாய்க்கிழமை. இந்தப் பெட்டிய எங்க அக்காதான் கண்டுபிடிச்சாங்கன்னு சாப்பாட்டு மேசையில இவங்களே சொன்னாங்க. மூணாவது வாரத்துல இருந்து எல்லார்கிட்டயும் நான் கண்டுபிடிச்சேன்னு சொல்றாங்க. எது உண்மைன்னு கேளுங்க சார்."

சேர்மன் பெட்டியை மேசைமேல் வைத்தார். "கேள்வி நியாயமானது. யாரோட யோசனைம்மா இது?"

உண்மையைச் சொல்ல அவளுக்கு ஒரு விநாடிதான் வேண்டியிருந்தது. அந்த ஒரு விநாடியில் அக்கா நாற்காலியில் அசைந்ததை ஓரக்கண்ணில் பார்த்தாள். பையை மடியிலிருந்து கீழே வைத்துவிட்டு, நாற்காலிக் கையைப் பிடித்து லேசாக எழும்பினாள். சொல்லப்போகிறாள், என்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடப்போகிறாள் என்று நினைத்தாள்.

"என்னுதுதான் சார்," என்றாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. "அக்கா வெட்டிக் குடுப்பாங்க. யோசனை என்னுது. முதல் வாரம் பதட்டத்துல அவங்களுக்குப் பெருமை சேரட்டும்னு அப்படிச் சொல்லிட்டேன்."

அக்கா மறுபடி உட்கார்ந்தாள்.

அப்புறம் நடந்ததையெல்லாம் டீவியில் எல்லோரும் பார்த்ததுதான். சேர்மன் தீர்ப்புச் சொன்னார், பெட்டி ஜெயித்தாள். காகிதத் துணுக்குகள் மேலே இருந்து கொட்டின. டீச்சர் கை குலுக்கி, "நோட்டு உன்கிட்ட பலிக்கலை," என்றார். அக்காவும் எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினாள்.

உள்ளே ஒப்பனை அறையில் ஒருவன் வந்து அவள் காலரிலிருந்து மைக்கைக் கழற்றிக்கொண்டு போனான். ஒன்பது வாரத்துக்குப் பிறகு கழுத்து லேசானது. மெஷின் அம்மாள் வாசலிலேயே நின்றுகொண்டார். அக்கா உள்ளே வந்து கண்ணாடி முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண்ணாடியைச் சுற்றி இருந்த விளக்கு அவள் முகத்தில் விழுந்தது. இளைத்திருந்தாள். யாராவது ஒருத்தர் பேச வேண்டுமே என்று சின்னவளே ஆரம்பித்தாள். ஆரம்பித்த விதம்தான் கோணல்.

"நீதான்க்கா முதல்ல என்னைக் கைகழுவினே."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஃபோன்ல நாங்க நாங்கன்னு எத்தனை தடவை சொன்னே? நாம ஒரு தடவையாவது வந்துச்சா? நாங்க பாத்துக்கிறோம்னு சொன்னே. எனக்கு அதோட அர்த்தம் தெரியாதா?"

அக்காவுக்கு இது புரியவே சற்று நேரம் பிடித்தது. புரிந்தபோது கோபம் வரவில்லை. ரொம்பக் களைப்பாக அவளைப் பார்த்தாள்.

"நீ இங்க இருந்தே. அங்க இருந்தது நானும் இவங்க எல்லாரும்தான். பெல்ட் அறுந்தப்போ நீ இருந்தியா? நாம மாட்டினோம்னு எப்படிச் சொல்ல முடியும்? வேற எப்படித்தான் சொல்லுவாங்க?"

வேறு எப்படியும் சொல்ல முடியாது. இந்த உலகத்தில் யாரும் அதை வேறு மாதிரி சொல்ல மாட்டார்கள். மேசையைக் கையிலிருந்து வாங்கிய மெத்தைக்காரரின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. அவரும் உண்மையைத்தான் சொன்னாரோ என்று முதல் தடவையாகத் தோன்றியது.

"அப்ப ஏன்க்கா எழுந்தே? அவரு கேட்டப்போ நீ எழுந்தியே. நீ சொல்லிடப்போறேன்னுதான் நான்..."

"சொல்றதுக்கா?" அக்கா தன் கையையே பார்த்தாள். "நீ என்னைக் கை காட்டுவேன்னு நினைச்சேன். எங்க அக்காதான் சார், அதோ உக்காந்திருக்காங்கன்னு சொல்லுவே, அப்ப எழுந்து நிக்கணுமேன்னு. அவ்வளவு பேர் இருந்தாங்களா, காலு உதறுச்சு. சட்டுன்னு எழுந்துக்க முடியாம விழுந்து வச்சா உனக்குத்தானே அசிங்கம்னு முன்னாடியே நாற்காலியப் பிடிச்சுக்கிட்டேன்."

வாசலில் மெஷின் அம்மாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சின்னவள் தரையில் உட்கார்ந்து அக்காவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். மன்னிச்சுடுக்கா என்றாள். திரும்பப் போய் எல்லோர் முன்னாலும் சொல்லிடுறேன் என்றாள். மெஷின் வேண்டாம் என்றுகூடச் சொன்னாள். எல்லாம் உண்மையாகத்தான் சொன்னாள். ஆனால் எதைச் சொன்னாலும் நன்றாகப் பேசுவது போலவே இருந்தது, அவள் காதுக்கே. அக்கா அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த காகிதத் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டாள். திட்டவில்லை, விலக்கவும் இல்லை. அந்தக் கை நெற்றியில் பட்டபோது எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நிமிஷம் நம்பினாள்.

கதவைத் தட்டி ஒரு பெண் எட்டிப் பார்த்து, ஜெயித்தவருக்குக் கார் தயாராக நிற்கிறது, எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாக்கா, நாம போலாம்," என்றாள்.

அக்காவும் எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள். துணியில் விழுந்த சுருக்கத்தை நீவி விட்டாள். கோபமோ அழுகையோ எதுவும் அவள் குரலில் இல்லை. ஆர்டர் கொடுக்கக் கடைக்காரர் யாராவது பட்டறைக்கு வந்தால் அவரிடம் பேசுகிற அதே அடக்கமான குரல்.

"நீங்க கார்ல வாங்க. நாங்க பஸ்ஸுல போயிடுறோம்," என்றாள்.

நீங்க என்று அக்கா யாரைச் சொல்கிறாள் என்று பார்க்க அவள் திரும்பினாள். பின்னால் யாரும் இல்லை.